வெளிநாட்டில் பலன் தந்த பாலியல் நலக் கல்விப் பாடத்தை நம் ஊர்ப் பள்ளிகளில் அப்படியே நடத்தலாமா?

அப்படியே நடத்த முடியாது. ஆனால் எதை மாற்ற வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்பதில்தான் பலரும் தலைகீழாக நடந்துகொள்கிறார்கள். கதையையும் பெயர்களையும் வெளிநாட்டுக்காரர்களுடையதாகவே விட்டுவிட்டு, பாடத்தின் உயிரை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்து, கையில் ஓர் அமெரிக்கக் கையேட்டுடன் நிற்பவர் என்று நினைக்கிறேன். நான் தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி உயிரியல் ஆசிரியை. வளரிளம் பருவக் கல்விக்குப் பொறுப்பாசிரியையாக இருந்தவள்.

எங்களுக்குத் தரப்பட்ட கையேட்டில் ஒரு நடிப்புப் பயிற்சி இருந்தது. பெற்றோர் விருந்துக்குப் போயிருக்கிறார்கள். பெண் தன் அறையில் தனியாக இருக்கும்போது நண்பன் வருகிறான். அவள் மறுத்துப் பேச வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டீச்சர், எங்கள் வீட்டில் அறையே கிடையாது" என்றாள் ஒருத்தி.

கதையை மாற்றினோம். மஞ்சள் நீராட்டு முடிந்து, தாய்மாமன் சீர் வந்து, மாமன் மகனுக்கு என்று வீட்டில் பேசி வைத்துவிட்டார்கள். அவன் பள்ளி விடும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு பைக்கில் வந்து, "கட்டிக்கொள்ளப் போகிறவன்தானே, ஏறு" என்கிறான். இதைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டிரண்டு பேராக நின்று, ஒவ்வொருத்தியும் தன் வாயால் மறுத்துச் சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "பேசி வைத்தது உங்கள் அம்மாவும் என் அம்மாவும். நான் இன்னும் பேசவில்லை, மாமா" என்றாள். அந்தப் பதிலை எந்த நாட்டுக் கையேட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள். (உடனே நான் சடங்கையும் உறவுத் திருமணத்தையும் தூக்கிப்பிடிப்பதாக யாரும் கிளம்ப வேண்டாம். அந்தப் பிள்ளைகள் வாழும் வீட்டிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும் என்கிறேன்.)

இந்தத் துறையில் போக்குவரத்து விளக்கைப்போல மூன்று நிறம் பிரித்துச் சொல்வார்கள். பெயர், ஊர், கதை மாற்றுவது பச்சை. பாடங்களின் வரிசையை மாற்றுவது மஞ்சள். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பயிற்சியை நீக்கி வெறும் சொற்பொழிவாக்குவதும், கருத்தடை, ஆணுறை பற்றிய பகுதியை எடுத்துவிடுவதும் சிவப்பு. இங்கே நடப்பது என்ன? முந்நூறு பிள்ளைகளைத் திடலில் உட்காரவைத்து மைக்கில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, படம் எடுத்து அனுப்பினால் பாடம் முடிந்தது.

பிலடெல்பியாவில் ஆய்வாளர்களான ஜெம்மட் தம்பதியர் கறுப்பின இளையோருக்காக உருவாக்கிய எய்ட்ஸ் தடுப்புப் பாடத்தை, அந்தோனியா வில்லருவல் என்ற செவிலியர் ஆய்வாளர் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மாற்றினார். 'குய்தாத்தே' என்று பெயர். குடும்பப் பற்றையும் ஆண்மை பற்றிய நினைப்பையும் உள்ளே கொண்டுவந்தார். ஆணுறைப் பாடத்தையும் மறுத்துப் பேசும் பயிற்சியையும் விடவில்லை. 553 பேரை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2006இல் வெளியானது. ஓராண்டு வரை பலன் தெரிந்தது. நம் நாட்டிலேயே, 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்விக்குத் தடை போட்டபோது, ஜார்க்கண்ட் அதைத் தன் ஊருக்கேற்ப மாற்றி 'உடான்' என்ற பெயரில் தொடர்ந்து நடத்தியது.

ஒன்றை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். "இங்கே பேசுவது வெளியே போகாது" என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. கொடுக்காதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் தந்தே ஆக வேண்டும். "தீங்கு நடந்தது தெரிந்தால் நான் சொல்லியாக வேண்டும்; ஆனால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் அழியாமல் எழுதி வையுங்கள்.

"இல்லாததைச் சொல்லிப் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள்" என்பவர்கள் இங்கேயும் வருவார்கள். இந்தக் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே பாலுறவுக்குத் தூண்டுவதில்லை என்று யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. அதைவிட, எங்கள் கேள்விப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்பேன். சாக்பீஸ் பெட்டியில் துளை போட்டு வைத்திருந்தோம். கையெழுத்து தெரியாமலிருக்க இடக்கையால் எழுதி, சின்னதாக மடித்துப் போடுவார்கள். "ஒரே சோப்பைப் போட்டால் எய்ட்ஸ் வருமா?" என்று ஒன்று. "முறை மாமன் தொட்டால் அது தப்பில்லையா?" என்று இன்னொன்று. இவர்களுக்கு நாங்கள் எதைப் புதிதாகச் சொல்லிக் கெடுத்தோம்?

இதற்கு நேரம் எங்கே கிடைக்கிறது என்றும் கேளுங்கள். வாக்காளர் பட்டியல் வேலை, கணக்கெடுப்பு, தினமும் கைபேசியில் ஏதாவது ஒரு விவரம் பதிவேற்றம். சிக்னல் கிடைக்காமல் மாடியில் நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பாடத்தையே முடித்துவிடலாம். பயிற்சி பெற்ற ஆசிரியரை அடுத்த கலந்தாய்வில் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். புதிதாக வருகிறவரிடம் கையேடு மட்டும் இருக்கும். எனவே ஒரு பள்ளிக்கு இரண்டு பேருக்காவது பயிற்சி கொடுங்கள்.

தொடங்கும் முன் அம்மாக்களை அழைத்து அதே நடிப்புப் பயிற்சியைச் செய்துகாட்டுங்கள். எதிர்ப்பில் பாதி அங்கேயே அடங்கிவிடும். பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண்களுக்கு மட்டும் நடத்தச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பேருந்து நிறுத்தத்துக்கு பைக்கில் வருகிறவன் பல நேரம் அதே பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்தான்.