மூன்று வருஷ ஷோடவுன்

கேள்வி: டீச்சர், எங்கள் பூர்வீக வீடு ஒழுகுகிறது. ஓடு மாற்ற யார் முதலில் பணம் போடுவது என்று பங்காளிகள் மூன்று பேருக்கும் தகராறு. அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு, 'வி ஆர் ஹேவிங் எ ஷோடவுன் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று மெயில் போட்டேன். ராத்திரியே போன் பண்ணி, "யாருக்கண்ணே அடி?" என்று பதறுகிறான். நான் என்ன தப்பாக எழுதிவிட்டேன்?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். உங்கள் தம்பி பதறியதில் நியாயம் இருக்கிறது.

ஷோடவுன் என்றால் நேருக்கு நேர் மோதித் தீர்த்துக்கொள்வது; சீட்டாட்டத்திலிருந்து வந்த சொல். போக்கரில் கடைசிப் பந்தயமும் கட்டி முடிந்த பிறகு, ஆட்டத்தில் மிச்சமிருப்பவர்கள் கையிலுள்ள சீட்டை விரித்துக் காட்ட வேண்டும். யார் கை பெரிதோ அவருக்குப் பணம். அதோடு அந்த ஆட்டம் தீர்ந்தது. தீர்ந்துபோகும் ஒன்றை மூன்று வருஷத்துக்கு இழுக்க முடியுமா?

உங்கள் வீட்டில் நடப்பது ஸ்டாண்ட்-ஆஃப். யாரும் முன்னால் வரமாட்டார்கள், பின்னாலும் போகமாட்டார்கள். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டிலும் இது நடந்தது. வீட்டின் இரண்டாங்கட்டுச் (பின்பகுதி) சாவி எங்கள் அப்பச்சியிடம், அதாவது அப்பாவிடம். பராமரிப்புப் பணம் வந்தால்தான் சாவி என்பார். பெரியப்பச்சியோ (பெரியப்பா), சாவி வந்தால்தான் பணம் என்பார். இரண்டு மழைக்காலம் இப்படியே போனது. பர்மாத் தேக்குக் கதவு ஊறி உப்பிப்போனதுதான் மிச்சம். அது ஸ்டாண்ட்-ஆஃப். அப்புறம் முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லோரும் கூடிய அன்று, வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) உட்கார்ந்து இரண்டு பேரும் கணக்கு நோட்டுகளை எடுத்துப் போட்டார்கள். அது ஷோடவுன். பார்த்தால், எங்கள் அப்பச்சிதான் நாற்பது ரூபாய் பாக்கி!

மூன்று பேர் என்பதால் 'மெக்சிகன் ஸ்டாண்ட்-ஆஃப்' என்று எழுதலாமா என்று உங்களுக்குத் தோன்றும். ஒருவரையொருவர் துப்பாக்கியால் குறிபார்த்து, முதலில் சுட்டவனும் தப்பமுடியாமல் நிற்கும் நிலையைச் சொல்வது அது. பொருள் பொருந்தும். ஆனால் ஒரு நாட்டுக்காரர்களை இளக்காரம் செய்வதுபோல் இருக்கிறது என்று பலர் அதை இப்போது தவிர்க்கிறார்கள். வெறும் ஸ்டாண்ட்-ஆஃப் போதும்.

'ஐபால் டு ஐபால்' என்றும் ஒன்று உண்டு. 1962 அக்டோபரில், அமெரிக்கக் கடற்படை வழி மறித்ததால், கியூபாவுக்குப் போய்க்கொண்டிருந்த சோவியத் கப்பல்கள் நடுக்கடலில் நின்றுவிட்ட செய்தி வந்தபோது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் சொன்னது பிரசித்தம்: கண்ணோடு கண் பார்த்து நிற்கிறோம், எதிராளி இப்போது இமைத்துவிட்டான் போலிருக்கிறது என்றார். உங்கள் வீட்டில் இன்னும் யாரும் இமைக்கவில்லையே, அதனால் அதை எடுத்து வைத்திருங்கள்.

தம்பிக்கு இப்படி எழுதுங்கள்: 'வி ஹேவ் பீன் இன் எ ஸ்டாண்ட்-ஆஃப் ஃபார் த்ரீ இயர்ஸ்.' 'ஆர் ஹேவிங்' இங்கே வராது; மூன்று வருஷமாகத் தொடர்வதால் 'ஹேவ் பீன்'. அடி யாருக்கும் இல்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பாவம்.