கரண்ட் வந்தது, பிரின்ட் வரவில்லை

சேரன்மகாதேவியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கடையில் எச்பி லேசர்ஜெட் 1020 பிரின்டர் பல வருடமாக ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்றதும் அக்கா மகன் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், மின்ட் 21-ஐ 22 ஆக்கிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் கரண்ட் போய் வந்தது. அதிலிருந்து பச்சை விளக்கு எரிகிறது, தாள் மட்டும் வருவதில்லை. வோல்டேஜில் போர்டு போயிருக்கும், புதிது வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ் பார்ப்பவர். திங்கட்கிழமை மனு கொண்டுபோகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். இன்னொன்று, முன்பிருந்தே மனுவின் அடியில் கையெழுத்துப் போடும் வரி வெட்டுப்படுகிறது. என்ன செய்யலாம்?"

புதிது வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். போர்டு போன மிஷினில் பெரும்பாலும் விளக்கே எரியாது, அல்லது கருகிய வாடை வரும். உங்களுடையதில் பச்சை விளக்கு நிலையாக எரிகிறது என்கிறீர்கள். எனக்கு அது நல்ல சேதியாகத்தான் படுகிறது.

இந்த 1020-இன் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 2005-இல் வந்த மாடல் இது. பிரின்டர் இயங்குவதற்கு ஃபர்ம்வேர் என்று ஒரு சிறிய புரோகிராம் வேண்டும். மற்ற பல பிரின்டர்களில் அது உள்ளேயே நிரந்தரமாக இருக்கும். 1020-இல் இருக்காது. மிஷினை ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்தான் யூஎஸ்பி கேபிள் வழியாக அதை அனுப்பி வைக்க வேண்டும். அதை வாங்கி வைக்கும் இடமோ, கரண்ட் நின்றதும் அழிந்துபோகும் நினைவகம். ஆக, கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் இந்த மிஷின் கற்றதை எல்லாம் மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கும். வெளியே பச்சை விளக்கு எரியும், உள்ளே வேலை தெரியாது.

உங்கள் கடையில் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கும், பிரின்டர் நேரடிக் கரண்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். அது சரியான ஏற்பாடுதான், மாற்றாதீர்கள். லேசர் பிரின்டரில் டோனரைத் தாளோடு உருக்கி ஒட்டவைக்கும் ஹீட்டர் இருக்கிறது. அது சூடேறும்போது திடீரென்று நிறைய கரண்ட் இழுக்கும், சின்ன யூபிஎஸ் தாங்காது. ஆனால் இதனால் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் விழித்திருக்கும், பிரின்டர் மட்டும் அணைந்துவிடும். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டு ஃபர்ம்வேரைத் திரும்ப அனுப்ப வேண்டும். லினக்ஸில் இதைத் தானாகவே செய்ய ஏற்பாடு உண்டு. உங்களிடம் அறுந்துபோனது அந்த ஏற்பாடுதான். அறுத்தது கரண்ட் இல்லை, அதற்கு முதல் நாள் நடந்த மாற்றம்.

எச்பி பிரின்டர்களுக்கு லினக்ஸில் எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு, அதாவது கம்ப்யூட்டரைப் பிரின்டரோடு பேசவைக்கும் மென்பொருள், இருக்கிறது. மின்ட் போடும்போதே கூடவே வந்துவிடும். ஆனால் 1020-க்கான ஃபர்ம்வேர் எச்பிக்குச் சொந்தமான, மூடிய சரக்கு. அதனால் அது எச்பிலிப்போடு சேர்ந்து வராது, பிளகின் என்று தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இங்கேதான் சூட்சுமம்: எச்பிலிப்பின் பதிப்பு எண்ணும் பிளகினின் பதிப்பு எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். மின்ட் 21-இல் இருப்பது எச்பிலிப் 3.21.12. 22-இல் வருவது 3.23.12. உங்கள் அக்கா மகன் மின்ட்டை ஏற்றியபோது எச்பிலிப் மேலே போய்விட்டது, முதல் தடவை இறக்கிய பிளகின் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டது. அவன் மேல் குற்றம் இல்லை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லிக்கொடுப்பதில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பிரின்ட் வரிசையைத் திறந்து, நிற்கிற எல்லா வேலையையும் ரத்து செய்யுங்கள். வராத கோபத்தில் ஒரே மனுவைப் பத்துத் தடவை கொடுத்திருப்பீர்கள். மிஷின் சரியானதும் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்து தாளைத் தின்றுவிடும். பிரின்டர் 'நிறுத்தப்பட்டது' என்று காட்டினால், அதே இடத்தில் மறுபடி இயக்கிவிடுங்கள். ஒரு வேலை தோற்றதும் லினக்ஸ் பிரின்டரையே நிறுத்தி வைப்பதுண்டு. கோளாறு தீர்ந்த பிறகும் தானாக எழாது.

அடுத்து, கம்ப்யூட்டர் கண்ணுக்குப் பிரின்டர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து, எல்எஸ்யூஎஸ்பி என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். வரும் வரிகளில் லேசர்ஜெட் 1020 என்று ஒன்று இருந்தால் கேபிளும் போர்டும் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம். போர்டு போயிற்று என்ற சந்தேகத்தை அங்கேயே விட்டுவிடலாம். அந்த வரி இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், கம்ப்யூட்டரின் பின்பக்க யூஎஸ்பியில் நேராகச் செருகுங்கள்.

இப்போது முக்கியமான வேலை. இன்டர்நெட் இருக்க வேண்டும், போனில் ஹாட்ஸ்பாட் போட்டாலும் போதும். டெர்மினலில் எச்பி, ஒரு சின்னக் கோடு, பிளகின் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்து அடியுங்கள். இறக்கட்டுமா என்று கேட்கும், சரி கொடுங்கள். உரிம ஒப்பந்தம் காட்டும், பிறகு பாஸ்வேர்டு கேட்கும். நடுவில் சில சமயம், கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி கிடைக்கவில்லை, இருந்தாலும் தொடரலாமா என்று கேட்டு நிற்கும். அங்கே அவசரப்பட்டு 'ஆம்' கொடுக்க வேண்டாம். நிறுத்திவிட்டு, வேறு நெட்டில் இன்னொரு தடவை முயலுங்கள். பல நேரம் சாவி கிடைத்துவிடும். கடைக் கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்களின் ஆதாரும் பட்டாவும் திறக்கப்படுகின்றன. அதில் எதை ஏற்றினாலும் சரிபார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

பிளகின் ஏறியதும் பிரின்டரைப் பிளக் பாயின்ட்டில் அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுங்கள். அப்புறம் பேசாமல் காதைக் கொடுங்கள். சில நொடிகளில், யாரும் பிரின்ட் கொடுக்காமலே, உள்ளே மோட்டார் 'கிர்ர்' என்று ஒரு சுற்றுச் சுற்றி அடங்கும். ஃபர்ம்வேர் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் இதே மிஷினோடு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்ற பையன், "அண்ணாச்சி, செத்த மிஷினு, ஏன் நேரத்தை வீணாக்குதீய" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் வந்ததும் முதலில் திரும்பிப் பார்த்தவன் அவன்தான்.

சத்தம் வரவில்லையென்றால் எச்பி, சின்னக் கோடு, ஃபர்ம்வேர் என்று அடித்தால் கையாலேயே அனுப்பிவிடலாம். அவசரத்துக்கு இது உதவும். ஆனால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் இதைச் செய்ய வேண்டி வந்தால், வேறொரு சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். 1020-க்கு ஃபூ2இசட்ஜேஎஸ் என்று இன்னொரு டிரைவரும் லினக்ஸில் உண்டு. அதுவும் நல்ல டிரைவர்தான். ஆனால் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்தால் ஒன்றின் காலை ஒன்று வாரும். உங்களுக்கு எச்பிலிப் போதும். பிரின்டர் செட்டிங்கில் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். டிரைவர் பட்டியலில் எச்பிகப்ஸ் 3.23.12 (எச்பிலிப்பின் டிரைவர் பெயர் அது) என்றும், பிளகின் தேவை என்றும் எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்படிச் சேர்க்கும்போது, 'பிரின்டர் டிரைவர்கள் வழக்கொழிந்தவை, வருங்காலப் பதிப்பில் இயங்காது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரலாம். பயப்பட வேண்டாம். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருள், டிரைவரே தேவைப்படாத புதிய பிரின்டர்களின் பக்கம் நகர்கிறது. அதற்காகச் சொல்வது அது. இப்போதுள்ள மின்ட்டில் உங்கள் மிஷின் ஓடும்.

பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கேனான் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்து பார்க்காதீர்கள். டோனர் நிரப்புகிறவர் இரண்டுக்கும் ஒரே மாதிரி கார்ட்ரிட்ஜ் என்பார், அது உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டரோடு பேசும் மொழி முற்றிலும் வேறு. அதற்கு எச்பிலிப்பால் பயன் இல்லை.

கையெழுத்து வரி வெட்டுப்படுவது மிஷின் கோளாறு இல்லை, தாள் அளவுதான். லினக்ஸைப் போடும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்திருந்தால், தாளும் அமெரிக்க லெட்டர் அளவாக அமைந்துவிடலாம். அதன் உயரம் 279 மில்லிமீட்டர், நம் ஏ4 தாளின் உயரம் 297. கம்ப்யூட்டர் 18 மில்லிமீட்டர் குறைவான தாளை மனதில் வைத்து அச்சிடுகிறது. மனுதாரர் கையெழுத்துப் போடும் இடம் அந்த ஓரத்தில்தான் விழும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, கோலன் போட்டு, 631 சேர்த்து என்டர் தட்டினால் கப்ஸின் பக்கம் திறக்கும். அங்கே உங்கள் பிரின்டரின் இயல்பு அமைப்புகளில் தாளை ஏ4 ஆக்குங்கள். பிறகு லிப்ரே ஆபீஸில் நீங்கள் வைத்திருக்கும் மனு மாதிரியைத் திறந்து, பக்க அமைப்பிலும் ஏ4 கொடுத்துச் சேமியுங்கள். ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் மறுபடி வெட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். மறுநாள் காலையில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் வந்து நிற்கும்போது சோதித்துக்கொண்டிருக்க முடியாது.