பதில்: வெள்ளைத் தோல் உரியுது, கண் மஞ்சள் – கோமாரியா?

அண்ணா, உங்க மாட்டுக்குக் கோமாரியான்னு கேட்டு நீங்க எழுதினதைப் பார்த்தா அப்படித் தெரியலை. கோமாரின்னா வாயிலயும் குளம்பிடுக்கிலயும் புண் வந்து எச்சில் ஒழுகும். உங்க மாட்டுக்கு வெள்ளைத் தோல் மட்டும் வெந்து உரியுது, கறுப்புத் தோல் அப்படியே இருக்கு, கண் மஞ்சள், சாணி இறுகிப்போச்சுங்கறீங்க. மலையடிவார மேய்ச்சல் வேற. அங்க உண்ணிச்செடியை (லாண்டானா) மேஞ்சிருக்கும்னுதான் எனக்குச் சந்தேகம்.

அந்த இலையில இருக்கிற லாண்டடீன்ங்கற விஷம் ஈரலைக் கெடுத்துப் பித்தத்தைத் தடுத்திடும். பச்சையம் செரிச்சு வர்ற கழிவு வெளியேற முடியாம ரத்தத்துல தங்கும். அதுல வெயில் பட்டாத்தான் தோல் வேகுது. உடனே நிழல்ல கட்டுங்க. இரைப்பை அசையாம நிக்கறதால தின்ன இலை உள்ளேயே கிடந்து விஷம் ஏறிக்கிட்டே இருக்கும். நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதீங்க, இன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க. பெரிய மாட்டுக்கு ஆக்டிவேட்டட் சார்கோல் (விஷத்தை உறிஞ்சற மருந்துக்கரி) 2.5 கிலோ வரைக்கும் கரைச்சுக் குழாய் வழியா கொடுப்பாங்க. அடுப்புக்கரி அதுக்கு ஈடாகாது.

சந்தையில வாங்கின மாடுன்னு நீங்க சொன்னதும் இதுக்குப் பொருந்துது. அந்த இடத்துல மேஞ்சு பழகின மாடு பெரும்பாலும் இந்தச் செடியை விட்டு விலகிடும். புது மாடு பசியில மேஞ்சிடும். புல் காய்ஞ்ச மாசத்துல சோளத்தட்டு போட்டு வயித்தை நிரப்பிட்டு ஓட்டுங்க.

உண்ணிப் புதரை மேலாக வெட்டினாலும் கொளுத்தினாலும் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குக் கீழ 3 முதல் 5 செ.மீ. ஆழத்துல தூரை வெட்டி, புதரைத் தலைகீழா கவுத்துப் போடுங்க. வாடின தழையும் விஷம்தான், மாடு எட்டாம இருக்கணும். பறவை உட்கார்ற மரத்தடியில எச்சத்தோட விழற விதையிலிருந்து உண்ணிச்செடி நாத்து முளைக்கும். மழை பெய்ஞ்ச ஈரத்துல கையாலயே பிடுங்கிடலாம்.