சதா சகாய மாதா படம்: தொங்கும் செருப்பு பிழையல்ல

வீட்டுப் பீடத்துக்காக, மரியா குழந்தை இயேசுவை ஏந்தியிருக்கும் சதா சகாய மாதா படத்தை நகலெடுக்கிறீர்கள். குழந்தையின் காலில் தொங்கும் செருப்பை நேராக மாட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். படத்தின் கதையே அதில்தான் இருக்கிறது.

நமக்கு வலப்பக்கம் மேலே வானதூதர் கபிரியேல், கையில் சிலுவையும் ஆணிகளும். இடப்பக்கம் வானதூதர் மிக்கேல்: ஈட்டி, கோலில் செருகிய கடற்பஞ்சு, காடிப் பாத்திரம். வரப்போகும் சிலுவைப் பாடுகளைக் கண்டு மிரண்ட குழந்தை தாயிடம் ஓடி வந்ததில் வார் அவிழ்ந்துவிட்டது என்பதே வழக்கமான விளக்கம். அதனால் குழந்தையின் முகம் சிலுவைப் பக்கம் திரும்பியே இருக்க வேண்டும். இரு கைகளும் தாயின் வலக்கையைப் பற்றியிருக்க வேண்டும்.

நகலில் அதிகம் கெடுவது மாதாவின் கண். பாசம் காட்டுவதாக நினைத்துக் குழந்தையைப் பார்க்க வைத்துவிடுகிறார்கள். மூலத்தில் அவர் பார்ப்பது நம்மை. புன்னகையும் கூடாது.

மாதாவின் தலையருகே உள்ள கிரேக்க எழுத்துகள் 'கடவுளின் தாய்' என்பதன் சுருக்கம். எழுத்துகளின் மேலே உள்ள சிறு கோடுதான் சுருக்கக்குறி, அழுக்கென்று விட்டுவிடாதீர்கள். பொன் பின்னணி விண்ணகத்தைக் குறிப்பது. மேகம், பூ எதுவும் சேர்க்க வேண்டாம்.

கிரீடம் உங்கள் விருப்பம். ரோமில் உள்ள மூலப்படத்துக்கு அதைச் சூட்டியதே 1867இல்தான். மூலம் ஏறக்குறைய 54 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம். சதுரச் சட்டத்தில் அடக்கப் பார்த்தால் முதலில் வெட்டுப்படுவது தூதர்கள்தான்.