மிளாவுக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. மெல்போர்னில் குடியேறி ஆறு வருஷம் ஆகிறது. கூட வேலை பார்க்கிறவர்கள் விக்டோரியா மலைக்காட்டுக்கு மான் வேட்டைக்குப் போகிறார்கள். முறைப்படி உரிமம் எடுத்து நானும் சேரலாம் என்றிருக்கிறேன். அங்கே சாம்பார் என்கிறார்கள், நம்ம ஊர் மிளாதான். கடைக்காரர் 6.5 கிரீட்மோர் தோட்டா போதும் என்கிறார். நண்பரோ 300 வின்செஸ்டர் மேக்னத்துக்குக் குறைந்து எதையும் தொடாதே என்கிறார். நான் இதுவரை .22 மட்டும்தான் சுட்டிருக்கிறேன். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, .308 வின்செஸ்டர் தோட்டா போடும் துப்பாக்கி வாங்குங்கள். கடைக்காரர் சொன்னதும் வேண்டாம், நண்பர் சொன்னதும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மிளாவை நினைத்துப் பாருங்கள். மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் பஸ்ஸில் நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். புள்ளிமான் கிடா எண்பது கிலோ இருந்தால் பெரிது. மிளாக் கிடா 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், நன்றாக வளர்ந்தது 300 கிலோவும் வரும். தோல் தடிப்பு, தோள் எலும்பு கனம். அதோடு, அடிபட்டாலும் நின்று விழாமல் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற சுபாவம். 1860களில் கப்பலில் கொண்டுபோய் விட்ட மிளாக்களின் வம்சம்தான் இன்று விக்டோரியா மலை முழுக்க நிற்கிறது. அங்கே அதை அடித்துத் தின்னப் புலி இல்லை, செந்நாய் இல்லை. அதனால்தான் அங்கே வேட்டைக்கு அனுமதி.

தோட்டாவின் பெயரில் இருக்கும் எண் பெரும்பாலும் குண்டின், அதாவது தோட்டா முனையிலிருந்து பறந்து போவதன், விட்டம். .308 போன்றவை இஞ்ச் கணக்கில், 6.5 போன்றவை மில்லிமீட்டர் கணக்கில். .308 என்றால் 7.8 மில்லிமீட்டர். பெயரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. .270 வின்செஸ்டரின் குண்டு உண்மையில் .277 இஞ்ச். 30-06 ஸ்பிரிங்ஃபீல்டில் இருப்பதும் .308 குண்டுதான், 06 என்பது 1906ஆம் வருஷத்தைக் குறிக்கும். குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். நமக்குப் பவுன் கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும்: 130 கிரெயின் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே, 180 கிரெயின் ஏறக்குறைய ஒன்றரைப் பவுன்.

6.5 கிரீட்மோர் நல்ல தோட்டா. 2007இல் குறி சுடுகிறவர்களுக்காக வந்தது, தூரத்தில் அவ்வளவு நேர்த்தி. ஆனால் அதன் குண்டு .264 இஞ்ச்தான். விக்டோரியாவில் மிளாவுக்கு வெகுகாலமாக இருந்து வந்த குறைந்தபட்ச அளவு .270, குண்டு எடை 130 கிரெயின். விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள். உரிமம் எடுக்கும்போது அந்த வருஷத்து விதியை நீங்களே படித்துவிடுங்கள், கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். விதி தளர்ந்திருந்தாலும் முதல் துப்பாக்கிக்கு அந்தப் பழைய அளவுக்குக் கீழே போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அவ்வளவு பெரிய உடம்பில், கோணம் கொஞ்சம் தப்பினாலும் உள்ளே போய்ச் சேர எடை வேண்டும்.

இனி 300 மேக்னம். 180 கிரெயின் குண்டை நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் தள்ளும். சக்தியில் குறையே இல்லை. ஆனால் அதே எடையுள்ள துப்பாக்கியில் .308 உதைப்பதைப்போல ஒன்றரை மடங்கு உதைக்கும். .22 மட்டுமே சுட்ட தோளுக்கு இது தாங்காது. தாங்காது என்றால் வலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வலி இரண்டு நாளில் போய்விடும். உதை வரப்போகிறது என்று உடம்பு தெரிந்துகொண்டு, விசையை இழுக்கும் நொடிக்கு முன்னாலேயே பதறும். கண் மூடும், குழல் முனை குனியும். ராணுவத்தில் நான் சேர்ந்தபோது கையில் கொடுத்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, .308க்கு உடன்பிறப்பான 7.62 தோட்டா. கைவலுவுள்ள எத்தனையோ பையன்கள் அதிலேயே பதறியதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உதற மாதக்கணக்கில் ஆகும்.

நீங்களே சோதித்துக்கொள்ளலாம். சுடுதளத்தில் நண்பரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே டம்மித் தோட்டாவையும் உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவுக்கு விசை இழுக்கும்போது குழல் அசையாமல் நின்றால் நீங்கள் அந்தத் துப்பாக்கிக்குத் தயார். குனிந்தால் இன்னும் காட்டுக்குப் போகக் கூடாது. மேக்னத்தால் குடலில் சுட்ட மிளா எங்கோ ஓடைப் புதரில் ராத்திரி முழுக்கக் கிடந்து சாகும். .308ஐ நெஞ்சறையில் சரியாக வைத்தால் நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். இதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தூரத்துக்கு மேக்னம் வேண்டாமா என்று நண்பர் கேட்பார். அந்தக் காடு திறந்த மேடு இல்லை. யூகலிப்டஸும் பெரணியும் அடர்ந்த பள்ளம். மிளாவைக் காலால் நடந்து தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் கண்ணில் படும். எதிர்ச்சரிவைப் பார்த்துச் சுடும் வாய்ப்பு வந்தாலும், 200 கெஜத்துக்கு ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) சரிசெய்த .308இன் 150 கிரெயின் குண்டு 300 கெஜத்தில் ஒரு சாண் அளவுதான் இறங்கும். அதைத் தாண்டி முதல் இரண்டு வருஷம் சுடவே கூடாது.

மலையில் இன்னொன்று உண்டு. ஏற்றமோ இறக்கமோ, குண்டு எவ்வளவு இறங்கும் என்பதற்குக் கிடைமட்டத் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 30 டிகிரி சரிவில் 250 மீட்டர் என்று தூரம் அளக்கும் கருவி காட்டினால் 216 மீட்டர் என்று வைத்துக்கொண்டு சுட வேண்டும். மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் குண்டு நினைத்ததற்கு மேலேதான் படும்.

காலிபரைப் பற்றி, அதாவது குண்டின் விட்டத்தைப் பற்றி, மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். மெல்லிய செப்புறை போட்ட ஈயக்குண்டு மிளாவின் தோள் எலும்பில் பட்டால் நொறுங்கி அங்கேயே நின்றுவிடலாம். உறையோடு ஈயத்தை ஒட்டவைத்த பாண்டட் வகை, 165 கிரெயின் அளவில் வாங்குங்கள். முழுச் செம்புக் குண்டானால் 150 போதும், அது எடை இழக்காமல் உள்ளே போகும். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கு ஈயத்துகள் விஷம், அந்த வகையிலும் செம்பு நல்லது. முன்னங்காலுக்குப் பின்புறமாக, உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். பின்னால் மண்சரிவு இருக்க வேண்டும். முகட்டில் வானத்தை ஒட்டி நிற்கும் மிளாவைச் சுடாதீர்கள், தப்பிய குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும்.

.308 பிடிக்கவில்லை என்றால் .270, அல்லது .308இன் தோட்டாக் கூட்டை வைத்து உருவாக்கிய 7எம்எம்-08. பின்னதில் உதை இன்னும் கொஞ்சம் குறைவு. யாராவது 30-06 இரவல் தந்தாலும் தாராளமாகப் பழகலாம். ஆனால் .308 தோட்டா எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், விலையும் மட்டு. மேக்னத்துக்கு வைத்திருந்த மிச்சப் பணத்தில் பயிற்சித் தோட்டா வாங்கி, காட்டுக்குப் போகுமுன் இருநூறாவது சுட்டுவிடுங்கள். மேசையில் சாய்ந்து சுட்டது கணக்கில்லை, மரத்தில் அண்டியும் மண்டியிட்டும் சுட வேண்டும்.

ஊருக்கு வரும்போது கொம்பைக் கொண்டுவர நினைக்காதீர்கள். 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மிளாவை வேட்டையாடுவது குற்றம், கொம்பு வைத்திருந்தாலே விசாரணை வரும். களக்காடு முண்டந்துறையில் புலி பிழைத்திருப்பதே மிளாவை நம்பித்தான். துப்பாக்கியும் கொம்பும் போட்டோவும் அந்த ஊரோடு இருக்கட்டும்.