படகுப் பட்டறை: மல்டி டூல் கேள்வி-பதில்

கேள்வி: கிரைண்டரும் ஜிக்சாவும் கையில் இருக்கின்றன. ஃபைபர் (கண்ணாடி இழையை ரெசினில் ஊறவைத்துச் செய்த) படகு வேலைக்கு மல்டி டூல் தனியாக வாங்க வேண்டுமா? (வாசகர், கடலூர்)

பதில்: நீளமாக வெட்டுவதும் பரப்பைத் தேய்ப்பதும் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் வேண்டாம். கிரைண்டர் பத்து நிமிடத்தில் முடிப்பதை இது ஒரு மணி நேரம் இழுக்கும்.

இதன் பிளேடு சுற்றுவதில்லை. ஏறத்தாழ 3 டிகிரி அகலத்துக்குள் இடமும் வலமுமாக, நிமிடத்துக்கு 10,000 முதல் 20,000 முறை அதிர்கிறது. அதனால் வட்டத் தகடு நுழையாத மூலையில், சுவரை ஒட்டியபடி, நேராகக் குத்தி இறக்கி வெட்டலாம். வேண்டிய ஆழத்தில் நிறுத்தவும் முடியும். தளமும் பக்கவாட்டும் சேரும் இடுக்கு, எஞ்சின் பெட்டிக்குள் ஒட்டிய சட்டம், மேல்தளத்துக்கு அடியில் மாட்டிய போல்ட் ஆகியவைதாம் இதற்குரிய இடங்கள்.

கேள்வி: பத்து பிளேடு கொண்ட செட் வாங்கினேன். ஃபைபரில் ஒரு சாண் வெட்டுவதற்குள் பல் மழுங்கிவிட்டது. மட்டமான சரக்கா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: சரக்கில் பிழை இருக்க வேண்டியதில்லை, பொருத்தம்தான் தவறு. செட்டில் வருபவை பெரும்பாலும் மரத்துக்கான கார்பன் ஸ்டீல் பிளேடுகளும் ஆணி வெட்டும் பை-மெட்டல் பிளேடுகளும்தான். கண்ணாடி இழை அந்தப் பற்களைத் தேய்த்துத் தள்ளிவிடும். ஃபைபருக்குக் கார்பைடு பல் வைத்தது, அல்லது பல்லே இல்லாமல் விளிம்பில் கார்பைடு துகள் ஒட்டிய அரைவட்ட பிளேடு வாங்குங்கள். துகள் பிளேடு மெதுவாக வெட்டும், ஆனால் ஜெல்கோட்டின் (ஃபைபரின் வழவழப்பான வெளிப்பூச்சு) ஓரத்தைப் பெயர்க்காது.

வெட்டும்போது ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் தூள் வெளியேறாமல் பிளேடு சூடாகும், ரெசின் கருகும். ஓரிரு அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே ஆழமாக்குங்கள். வாடை மாறினாலோ புகை வந்தாலோ வேகத்தைக் குறையுங்கள்.

வாங்குமுன் மாட்டும் துளையையும் பாருங்கள். ஸ்டார்லாக் என்பது பிளேடை மாட்டும் ஒரு முறை. ஸ்டார்லாக் இயந்திரத்தில் ஸ்டார்லாக் பிளேடு மட்டுமே ஏறும். ஸ்டார்லாக் பிளஸ், மேக்ஸ் பிளேடுகள் அதில் ஏறா. மேக்ஸ் இயந்திரம் மூன்றையும் ஏற்கும்.

கேள்வி: அவுட்போர்டு (படகின் வெளியே தொங்கும் எஞ்சின்) மாட்டும் பின்பலகையில் எஞ்சின் ஓடும்போது ஆட்டம் தெரிகிறது. உள்ளே பிளைவுட் இற்றுப்போயிருக்கும் என்கிறார்கள். வெளிப்புறம் கெடாமல் மாற்ற முடியுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: முடியும். பின்பலகை என்பது வெளித்தோல், உட்தோல் என்ற இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பிளைவுட். முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிறு சுத்தியலின் பிடியால் பலகை முழுவதும் தட்டிப் பாருங்கள், கெட்ட இடத்தில் ஓசை மந்தமாகக் கேட்கும். பிறகு உட்புறத்திலிருந்து 5 மி.மீ. துரப்பணத்தால் நாலைந்து துளை போடுங்கள். வெளித்தோலைத் துளைத்துவிட வேண்டாம். வரும் மரத்தூள் வெளிறி உலர்ந்திருந்தால் நல்லது. பழுப்பாக, ஈரமாக, விரலில் பிசையும்படி வந்தால் மாற்றத்தான் வேண்டும். துளையில் வளைந்த கம்பியை விட்டு உட்தோலின் கனத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம்.

பிளைவுட் போனபின் வெளித்தோல் தனியாக நிற்கும், வளைந்துவிடும். ஆகவே படகை மட்டமாக முட்டுக்கொடுத்து, பின்பலகையின் வெளியே இரண்டு நேரான மரச்சட்டங்களைக் குறுக்கே வைத்துக் கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பிளேடின் நுனியிலிருந்து 6 மி.மீ. தள்ளி வண்ண டேப் சுற்றுங்கள், அதற்கு மேல் இறங்க வேண்டாம். உட்தோலை எங்கே வெட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கிரைண்டரில் வெட்டினால் தகடு மூலைக்குப் போகாது, சுற்றிலும் இரண்டு மூன்று அங்குல உதடு மிஞ்சும். அந்த உதட்டுக்குப் பின்னால் புதுப் பலகையை ஒரே துண்டாக நுழைக்க வழியில்லை. மல்டி டூலில் மூலையிலிருந்து 10 மி.மீ. தள்ளி வெட்டலாம். பக்கவாட்டுத் தோலுக்குள் மட்டும் பிளேடு போய்விடக் கூடாது.

உட்தோலைக் கடப்பாரை நுனியால் நெம்பி எடுங்கள். இற்ற மரம் உளிக்கே உதிர்ந்துவிடும். வெளித்தோலோடு ஒட்டிய கடைசி அடுக்குதான் பிடிவாதம் செய்யும். அதற்கு விறைப்பான ஸ்கிரேப்பர் பிளேடைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், நிமிர்த்தினால் இழையைக் கிழித்துவிடும். பிறகு 40 நம்பர் சாண்ட்பேப்பரால் கண்ணாடி இழை வெளிறித் தெரியும்வரை தேயுங்கள். பக்கவாட்டிலும் தளத்திலும் 150 மி.மீ. அகலத்துக்கு இதேபோல் தேய்த்துவிடுங்கள். அது கிரைண்டர் வேலை.

காய்ந்துவிட்டதா என்று தெரிய, தேய்த்த இடத்தின்மேல் பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காய வேண்டும். இதில் அவசரப்பட்டால் புதுப் பலகையும் அதே கதிதான்.

பழைய கனத்துக்கு ஏற்ப ஐ.எஸ். 710 முத்திரை கொண்ட மரைன் பிளைவுட் வாங்குங்கள். 36 மி.மீ. என்றால் 18 மி.மீ. இரண்டு. பலகையின் எல்லா முகத்திலும் ரெசின் பூசுங்கள், வெட்டு ஓரங்களில் இருமுறை. பாலியெஸ்டர் ரெசின் மரத்தைச் சுமாராகத்தான் பற்றும். முதல் பூச்சில் 10 விழுக்காடு ஸ்டைரீன் (பாலியெஸ்டரை நீர்க்கவைக்கும் திரவம்) கலந்தால் மரத்துக்குள் இறங்கும். செலவு செய்ய முடிந்தால் எபாக்சி ரெசின்தான் சிறந்தது. ஆனால் எபாக்சிக்குப் பிறகு மேலே பாலியெஸ்டர் போட்டால் சரியாக ஒட்டாது, கடைசிவரை எபாக்சியிலேயே போக வேண்டும். அப்போது மேட்டுக்குப் (நெய்யாமல் இழைத் துண்டுகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பு) பதில் நெய்த துணி தேவை. மேட்டின் இழைகளைப் பிணைக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும்.

வெளித்தோலில் 450 கிராம் (சதுர மீட்டருக்கு) மேட் ஒன்றை ரெசினில் நனைத்து விரித்து, அதன்மேல் ரெசினும் சிலிக்கா தூளும் குழைத்த பட்டியைத் தடவிப் பலகையை அழுத்துங்கள். பலகையில் முன்கூட்டியே சில சிறு துளைகள் போட்டிருந்தால் காற்றும் மிகுந்த பட்டியும் அதன் வழியே வெளிவரும். பட்டியைக் கனமாக ஒரே தடவையில் அப்பினால் சூடேறி வெடிப்பு விடும்.

வெயில் காலத்தில் ஒரு கிலோ பாலியெஸ்டர் ரெசினுக்கு 10 மி.லி. கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) போதும். அதற்கும் கீழே போனால் ரெசின் முழுமையாக இறுகாது. கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கலக்காத ரெசின் என்றால் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே அளவுக் குவளையை இரண்டுக்கும் வைக்காதீர்கள்.

மூலைகளில் பட்டியால் 20 மி.மீ. வளைவு கொடுங்கள், கண்ணாடி இழை செங்கோணத்தில் மடங்காது, அடியில் காற்றுப் பை நிற்கும். புதிய உட்தோலுக்கு 450 மேட், 600 ரோவிங் (தடித்த இழையில் நெய்த துணி), மேட், ரோவிங், மேட், மேட் என்று ஆறு அடுக்கு ஏறத்தாழ 5 மி.மீ. தரும். அடுக்குகளைப் பக்கவாட்டில் 50, 100, 150 மி.மீ. என்று படிப்படியாக நீட்டுங்கள். சதுர மீட்டர் 450 மேட்டுக்கு ஒரு கிலோ ரெசின் கணக்கு.

கடைசியாக போல்ட் துளை. தண்ணீர் பெரும்பாலும் நுழைவது அங்கேதான். வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்து, ரெசின் பட்டியால் அடைத்து, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். மரம் எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது. தண்ணீர் வடியும் துளைக்கும் இதே முறை.

கேள்வி: மரப் படகில் பலகைச் சந்தின் பழைய கலப்பத்தை (தண்ணீர் புகாமல் அடித்த பஞ்சை) இதனால் எடுக்கலாமா? ஆணி அறுக்கவும் ஆகுமா? (வாசகர், இராமேசுவரம்)

பதில்: ஆணிக்கு நல்லது. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்பு அடித்து இடைவெளி உண்டாக்கி, பை-மெட்டல் பிளேடை நுழைத்து அறுங்கள். இருபுறமும் தகரத் துண்டு செருகினால் மரம் காயப்படாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்குக் கார்பைடு பிளேடு, குறைந்த வேகம்.

கலப்பத்துக்கு இது வேண்டாம். சந்து வெளியே அகன்றும் உள்ளே குறுகியும் இருப்பதால்தான் அடித்த பஞ்சு நிற்கிறது. பிளேடு அதை நேர்ச்சுவராக வெட்டிவிடும், அடுத்த முறை அடிக்கும்போது பஞ்சு உள்ளே விழும். வளைந்த கொக்கிக் கருவியால் கையாலேயே இழுங்கள். சந்தில் பாலியூரிதீன் சீலன்ட் இருந்தால் மட்டும் நடுவில் ஒரு கீறலுக்கு மல்டி டூலைப் பயன்படுத்தலாம். வேகம் கூடினால் சீலன்ட் உருகிப் பிளேடில் அப்பிக்கொள்ளும்.

கேள்வி: ஃபைபர் தூளால் உடம்பெல்லாம் அரிப்பு. கரையில் மின்சாரம் எடுத்து வேலை செய்வதும் பயமாக இருக்கிறது. (வாசகர், பாம்பன்)

பதில்: பேட்டரி இயந்திரம் வாங்கினால் இரண்டாவது கவலை இல்லை. கம்பி இயந்திரம் என்றால் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தொடாதீர்கள், இணைப்பு முனையை ஈர மணலில் போடாதீர்கள். என்-95 முகக்கவசம், மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். தூளைத் துடைக்காமல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், தேய்த்தால் இழை தோலுக்குள் ஏறும். அசிட்டோன் திறந்திருக்கும் இடத்தில் கம்பி இயந்திரத்தை ஓட்ட வேண்டாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் பொறி விடும்.

கேள்வி: அடிப்பகுதிக் கொட்டலசை (படகில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிரி) இதனால் சுரண்டலாமா? (வாசகர், குளச்சல்)

பதில்: கரையேற்றிய உடனே, ஈரம் காயுமுன் கைச் சுரண்டியால் எடுங்கள். மல்டி டூல் ஸ்கிரேப்பர் புரொப்பல்லர் தாங்கியைச் சுற்றிய இடுக்குக்கு மட்டும். செம்பு கலந்த அடிப் பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தெளித்துத் தேயுங்கள். அந்தத் தூள் நச்சு.