ஒரே பந்தியில் பொய் பேசிய ராஜாக்கள்

கேள்வி: தானியேல் 11ஆம் அதிகாரத்தில் சண்டை போடும் வடதிசை ராஜா ரஷ்யா, தென்றிசை ராஜா அரபு நாடுகள் என்று ஒரு கூட்டத்தில் பிரசங்கம் கேட்டேன். ஒரே பந்தியிலிருந்து பொய் பேசும் இரண்டு ராஜாக்கள், இப்போது சமாதானம் பேசும் தலைவர்கள்தானாம். அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த ராஜாக்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு. எருசலேமில் நின்று பாருங்கள்: வடக்கே சிரியாவை ஆண்ட செலூக்கிய வம்சம், தெற்கே எகிப்தை ஆண்ட டாலமி வம்சம். மகா அலெக்சாந்தர் செத்த பிறகு அவனுடைய தளபதிகள் பங்கு போட்டுக்கொண்ட ராஜ்யங்கள் இவை. நடுவில் மிதிபட்டது யூதேயா. 8ஆம் வசனம் எகிப்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

6ஆம் வசனத்தில் வடக்கே வாழ்க்கைப்படப் போகும் மகள் பெரனீஸ். இரண்டாம் டாலமி அவளை இரண்டாம் அந்தியோகஸுக்குக் கட்டிக்கொடுத்தான். அதற்காக அந்தியோகஸ் தன் முதல் மனைவி லவோடிஸை விலக்கி வைத்தான். கி.மு. 246இல் டாலமி இறந்தான். அதே ஆண்டில் அந்தியோகஸும் செத்தான். லவோடிஸ் விஷம் வைத்தாள் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரனீஸையும் அவள் சின்னப் பிள்ளையையும் கொன்றார்கள். அவளுடைய உடன்பிறந்தான் மூன்றாம் டாலமி பழிவாங்கப் படையெடுத்து வந்தான். இந்தப் பெண்ணையும் பிள்ளையையும் ரஷ்யாவுக்கும் அரபு நாடுகளுக்கும் நடுவே எங்கே பொருத்துவீர்கள்?

அப்புறம் 27ஆம் வசனத்தின் அந்தப் பந்தி. அங்கே உட்கார்ந்திருப்பது தாய்மாமனும் மருமகனும். நான்காம் அந்தியோகஸ் கி.மு. 169இல் எகிப்துக்குள் புகுந்து, தன் சகோதரியின் மகனான ஆறாம் டாலமியைக் கைக்குள் போட்டுக்கொண்டான். அலெக்சாந்திரியாவில் தம்பியை ராஜாவாக்கிவிட்டார்கள், உன் சிம்மாசனத்தை நான் மீட்டுத் தருகிறேன் என்பது மாமன் பேச்சு. மருமகனும் தலையாட்டினான். மாமன் ஊர் திரும்பியதும் தம்பியோடு சமாதானமாகிவிட்டான்! அடுத்த ஆண்டு அந்தியோகஸ் மறுபடி வந்தபோது ரோமத் தூதர் பொப்பிலியஸ் எதிரே நின்றார். கைத்தடியால் ராஜாவைச் சுற்றி மண்ணில் வட்டம் போட்டு, இதை விட்டு வெளியே வருமுன் பதில் சொல் என்றார். 30ஆம் வசனத்தின் கித்தீம் கப்பல்கள், அதாவது ரோமரின் கப்பல்கள், கொண்டுவந்த அவமானம் இதுதான்.

அந்த ராஜாவின் கோபம் எருசலேம் மேல் இறங்கியது. அங்கே காட்டிக்கொடுக்கச் சொந்த ஜனத்திலேயே ஆள் இருந்தார்கள். யாசோன் பணம் கொடுத்து, அண்ணன் ஓனியாவின் பிரதான ஆசாரியப் பட்டத்தைத் தட்டிப் பறித்தான். மெனெலா 300 தாலந்து கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லி அதை யாசோனிடமிருந்து பிடுங்கினான். கி.மு. 167இல் ஆலயத்தில் அன்றாட பலி நின்றது. பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மாரைக் கொன்று, குழந்தைகளை அவர்கள் கழுத்திலேயே தொங்கவிட்டதாக மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது. பட்டயத்தாலும் அக்கினியாலும் விழுவார்கள் என்று 33ஆம் வசனம் சொல்வது இப்படிப்பட்டவர்களைத்தான். அவர்களை ஒரு வார்த்தையில்கூட நினைக்காமல் அந்த அதிகாரத்தை யுத்தச் செய்திக்குத் தலைப்பாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

இது நவீனகால ஆராய்ச்சியாளர்களின் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிறிஸ்தவத்தை எதிர்த்த போர்ஃபிரி, 3ஆம் நூற்றாண்டிலேயே, இந்த அதிகாரம் எல்லாம் நடந்து முடிந்த பின் எழுதியது என்றார். அவரை மறுத்து உரை எழுதிய ஜெரோம்கூட, 20ஆம் வசனம்வரை ராஜாக்கள் யார் என்பதில் அவரோடு சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு வரும் ராஜா அந்திக்கிறிஸ்து என்றார். அதையும் அந்தியோகஸை முன்னடையாளமாக வைத்துத்தான் சொன்னார்.

சரி, 40ஆம் வசனம் முதல் சரித்திரம் ஒத்துவரவில்லை என்பது உண்மை. அங்கே ராஜா சாவது கடலுக்கும் பரிசுத்த பர்வதத்துக்கும் நடுவே. அந்தியோகஸ் செத்ததோ கி.மு. 164இல், பாரசீகத்தில். அந்த ஆறு வசனங்களையும் இனி நடக்கப்போவது என்று வாசிக்கிற சபைகள் உண்டு, வாசிக்கட்டும். அதைக் காரணம் காட்டி 27ஆம் வசனத்திலிருந்து மாமனையும் மருமகனையும் எழுப்பிவிட்டு வேறு ஆளை உட்காரவைக்க யாருக்கும் உரிமை இல்லை.